ஏர்லைன் பாயின்ட்ஸ்: சேமிப்பா, செல்லாக்காசா? விமானக் கூட்டணிகளை முழுசா பயன்படுத்துவது எப்படி?

2024 நவம்பர் 11-ம் தேதி விஸ்தாரா தன் பெயரில் கடைசியாகப் பறந்தது. மறுநாள் முதல் அதன் விமானங்கள், ஊழியர்கள், வழித்தடங்கள் எல்லாமே ஏர் இந்தியாவின் கைக்குப் போயின. 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கி, பத்து வருஷம்கூட முடியாத ஒரு பிராண்ட், ஒரே இரவில் காணாமல் போனது.

விஸ்தாராவில் அடிக்கடி பறந்தவர்களுக்கு அப்போது இருந்த கேள்வி ஒன்றுதான்: 'சேர்த்து வைத்த க்ளப் விஸ்தாரா பாயின்ட்ஸ் என்ன ஆகும்?' பதில் நல்லதாகவே வந்தது. அவை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏர் இந்தியாவின் மகாராஜா க்ளப்புக்கு மாற்றப்பட்டன. ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் என்ற பழைய ஏர் இந்தியா திட்டம்தான், இணைப்பின்போது மகாராஜா க்ளப் என்று பெயர் மாறியது.

ஆனால், இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பத்தாயிரம் பாயின்ட் பத்தாயிரமாகவே வந்து சேர்ந்தாலும், அதை வைத்து எந்த டிக்கெட் வாங்கலாம் என்பதைப் பழைய திட்டம் தீர்மானிக்காது. புதிய திட்டம்தான் தீர்மானிக்கும். எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு. இந்த வித்தியாசம் புரியாததால்தான் பலர் ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பாயின்ட்களைச் சேர்த்துவிட்டு, கடைசியில் ஒரு மிக்ஸியோ கிஃப்ட் வவுச்சரோ வாங்கிக்கொண்டு திருப்திப்படுகிறார்கள்.

கிரெடிட் கார்டு விளம்பரங்களும், 'ஓசியில் பிசினஸ் கிளாஸ்' என்று ஆசை காட்டும் ரீல்ஸும் நிறைந்த இந்தக் காலத்தில், பாயின்ட்ஸ் விளையாட்டு உண்மையில் எப்படி நடக்கிறது? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? பார்க்கலாம்.

பாயின்ட் என்பது பணமா?

பாயின்ட் என்பது விமான நிறுவனம் தானே அச்சடிக்கும் ஒரு நாணயம். எவ்வளவு அச்சடிக்க வேண்டும், அதற்கு என்ன மதிப்பு, எப்போது காலாவதி என எல்லாவற்றையும் அந்த நிறுவனமே முடிவுசெய்கிறது. பெரும்பாலான திட்டங்களின் விதிமுறைகளில், இந்த மதிப்பை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று எழுதியிருப்பார்கள். 'ஐ அக்ரீ' பட்டனை அழுத்தும்போது நாம் ஒப்புக்கொள்வதும் அதைத்தான்.

நகைக்கடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுலபமாகப் புரியும். சீட்டில் நாம் கட்டும் தொகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தங்கத்தின் விலையை அந்தக் கடை தன் இஷ்டத்துக்கு நிர்ணயிக்க முடியாது. பாயின்ட்ஸில் அப்படியில்லை. சீட்டும் அவர்களுடையது, தங்கமும் அவர்களுடையது, விலைப் பலகையும் அவர்களுடையது. அந்தப் பலகையை எந்த நாளும் மாற்றி எழுதலாம். வங்கியில் பணம் போட்டால் கொஞ்சமாவது வட்டி வரும். பாயின்ட்ஸை வருஷக்கணக்கில் சும்மா வைத்திருந்தால், நீண்ட கால நோக்கில் அதன் மதிப்பு குறையவே வாய்ப்பு அதிகம்.

பிறகு ஏன் அள்ளிக் கொடுக்கிறார்கள்?

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியபோது நோக்கம் எளிமையானது: அடிக்கடி பறப்பவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாது. பறந்த தூரத்துக்கு ஏற்ப மைல்ஸ், போதுமான மைல்ஸ் சேர்ந்தால் ஒரு டிக்கெட். அவ்வளவுதான்.

இன்று கதையே வேறு. விமான நிறுவனங்கள் மைல்ஸை வங்கிகளுக்கு மொத்தமாக விற்கின்றன. வங்கிகள் அதை கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024-ல் டெல்டா ஏர்லைன்ஸுக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கூட்டிலிருந்து மட்டும் வந்த தொகை சுமார் 740 கோடி டாலர்.

கொரோனா காலத்தில் இந்த உண்மை இன்னும் வெளிச்சத்துக்கு வந்தது. 2020-ல் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் 'மைலேஜ்ப்ளஸ்' திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அதே வருஷம் டெல்டா தன் 'ஸ்கைமைல்ஸ்' திட்டத்தை வைத்து 900 கோடி டாலர் திரட்டியது. 2021-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதே வழியில் 1,000 கோடி டாலர் வாங்கியது. பறக்காத விமானத்தைவிட பாயின்ட்ஸ் திட்டத்தை நம்பித்தான் கடன் கொடுத்தார்கள்.

ஆக, இது வாடிக்கையாளருக்கு 'நன்றி' சொல்வதற்காக மட்டும் நடத்தப்படும் திட்டம் அல்ல, தனியாக லாபம் பார்க்கும் தொழில். காலியாகப் போகக்கூடிய இருக்கையைப் பாயின்ட்ஸுக்குக் கொடுப்பதில் நிறுவனத்துக்குச் செலவு குறைவு. காலாவதியாகும் ஒவ்வொரு பாயின்ட்டும் அதற்கு மிச்சம். இதைத் தெரிந்துகொண்டு விளையாடினால் பயணிக்கும் லாபம் உண்டு. தெரியாமல் விளையாடினால், தெரிந்து விளையாடுபவரின் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு அவர் செலவு செய்கிறார் என்று அர்த்தம்.

கூட்டணி, கோட்ஷேர், பார்ட்னர்: மூன்றும் ஒன்றா?

இல்லை. பாயின்ட்ஸின் உண்மையான பலன் ஒளிந்திருப்பதே இந்த மூன்றின் வித்தியாசத்தில்தான்.

முதலாவது, கூட்டணி. தேர்தல் கூட்டணி போலவே இதிலும் தனித்தனிக் கட்சிகள்தான். ஆனால், ஒன்றின் தொண்டருக்கு இன்னொன்றின் மேடையில் இடம் கிடைக்கும். உலகில் மூன்று பெரிய கூட்டணிகள் உண்டு. 1997-ல் லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய் ஏர்வேஸ், எஸ்.ஏ.எஸ் ஆகிய ஐந்தும் தொடங்கியது ஸ்டார் அலையன்ஸ். 1999-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ், அமெரிக்கன் உள்ளிட்டவை தொடங்கியது ஒன்வேர்ல்டு. 2000-ல் டெல்டா, ஏர் பிரான்ஸ் உள்ளிட்டவை தொடங்கியது ஸ்கைடீம். ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. அதே வருஷம் மே மாதம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஒன்வேர்ல்டில் சேர்ந்தது.

கூட்டணியின் பலன் என்ன? ஒரு நிறுவனத்தில் பறந்து, இன்னொரு நிறுவனத்தின் திட்டத்தில் மைல்ஸ் சேர்க்கலாம். ஒரு திட்டத்தின் மைல்ஸை வைத்து இன்னொரு நிறுவனத்தின் டிக்கெட் எடுக்கலாம். அந்தஸ்து உயர்ந்தால் எல்லா உறுப்பு நிறுவனங்களிலும் அது செல்லும். உதாரணமாக, ஸ்டார் அலையன்ஸ் கோல்டு அந்தஸ்து இருந்தால், எக்கானமி டிக்கெட்டில் பறந்தாலும் லவுஞ்சுக்குள் போகலாம். எடைக்கணக்கு உள்ள டிக்கெட்டில் 20 கிலோ கூடுதல் பேக்கேஜும் கிடைக்கும்.

இரண்டாவது, கோட்ஷேர். ஒரு நிறுவனத்தின் விமானத்தில், இன்னொரு நிறுவனம் தன் எண்ணைப் போட்டு டிக்கெட் விற்பது. டிக்கெட்டில் ஒரு பெயர் இருக்கும். ஏறும் விமானத்தில் வேறு பெயர் இருக்கும். புக் செய்யும்போது சின்ன எழுத்தில் இயக்குபவர் யார் என்று போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் விடக் கூடாது. மைல்ஸ் எவ்வளவு கிடைக்கும், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்து மாறலாம். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு வெவ்வேறு மைல்ஸ் கிடைப்பது இப்படித்தான்.

மூன்றாவது, தனி பார்ட்னர்ஷிப். எமிரேட்ஸ், எதிஹாட் ஆகியவை எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லை. இண்டிகோவும் கூட்டணிக்கு வெளியே இருந்தபடியே கத்தார் ஏர்வேஸ், குவான்டாஸ் போன்ற நிறுவனங்களோடு தனித்தனியாகக் கோட்ஷேர் ஒப்பந்தம் போட்டு வளர்ந்தது. 2024 ஆகஸ்ட்டில் 'ப்ளூசிப்' என்ற லாயல்ட்டி திட்டத்தை அது அறிவித்தது. குறைந்த கட்டண நிறுவனமாக வளர்ந்த இண்டிகோவே பாயின்ட்ஸ் பக்கம் வந்தது, இந்த வியாபாரம் இந்தியாவில் எங்கே போகிறது என்பதற்கு அடையாளம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தாய் நிறுவனம் கூட்டணியில் இருந்தால் துணை நிறுவனமும் இருக்கும் என்று அர்த்தமில்லை. திருச்சி, கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. ஆனால், ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் அல்ல. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அப்படியே. கோல்டு கார்டை நீட்டினால் கவுன்ட்டரில் கூடுதல் பேக்கேஜ் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

சென்னையிலிருந்து பறப்பவர் எதில் சேர வேண்டும்?

பலர் செய்யும் தவறு, பறக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியாகக் கணக்கு தொடங்குவது. ஐந்து உண்டியல்களில் பத்துப் பத்து ரூபாய் போட்டால் எந்த உண்டியலும் நிறையாது. முதலில், அடுத்த இரண்டு வருஷத்தில் எந்த ஊர்களுக்கு அதிகம் போவோம் என்று யோசிக்க வேண்டும். பிறகு அந்த வழித்தடங்களில் இருக்கும் நிறுவனங்கள் எந்தக் கூட்டணி என்று பார்க்க வேண்டும்.

சென்னைக்கு வந்துபோகும் நிறுவனங்களையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஆகிய நான்கும் ஒன்வேர்ல்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ், ஏர் இந்தியா ஆகிய நான்கும் ஸ்டார் அலையன்ஸ்.

ஒருவர் வருஷம் ஒருமுறை கோலாலம்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மலேசியா ஏர்லைன்ஸில் போகிறார். ஆபீஸ் வேலையாக ஒருமுறை பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன் போகிறார். லீவுக்கு ஸ்ரீலங்கனில் கொழும்பு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று திட்டங்களில் மூன்று கணக்கு வைத்தால் மூன்றும் அரைகுறை. மூன்று பயணத்தையும் ஒரே ஒன்வேர்ல்டு திட்டத்தில் சேர்த்தால், ஒரே இடத்தில் குவியும்.

இங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார், ஃபின்னேர் ஆகியவை 'ஏவியோஸ்' என்ற ஒரே நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. கத்தார் 2022-லும், ஃபின்னேர் 2024-லும் இதற்கு மாறின. பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கில் இருக்கும் ஏவியோஸைக் கத்தார் கணக்குக்கு ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு திட்டத்திலும் விலை பார்த்து, எதில் வரியும் கூடுதல் கட்டணமும் குறைவோ அங்கே எடுக்கலாம்.

சிங்கப்பூர் பக்கம் அதிகம் போகிறவருக்குக் கணக்கு வேறு. ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 சதவிகிதப் பங்கு உண்டு. இரண்டுமே ஸ்டார் அலையன்ஸ். அதனால் மகாராஜா க்ளப், சிங்கப்பூரின் 'க்ரிஸ்ஃப்ளையர்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நிறுவனப் பயணத்தையும் அதிலேயே சேர்க்கப் பார்க்கலாம்.

ஆனால், ஒரு நிபந்தனை. டிக்கெட்டில் புக்கிங் கிளாஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். மிக மலிவான டிக்கெட்டின் எழுத்துக்குப் பார்ட்னர் திட்டத்தில் கொஞ்சம் மைல்ஸ்தான் கிடைக்கும்; சில சமயம் பூஜ்யம். புக் செய்வதற்கு முன், எந்தத் திட்டத்தில் சேர்க்கப் போகிறீர்களோ அதன் இணையதளத்தில் அந்த எழுத்துக்கு எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது. செக்-இன் சமயத்தில் உறுப்பினர் எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டால், போர்டிங் பாஸை வைத்துப் பிறகும் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு இருக்கும் என்பதால், மைல்ஸ் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போட வேண்டாம்.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. முன்பெல்லாம் பறந்த தூரத்துக்கு மைல்ஸ் கிடைத்தது. 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும் செலவழித்த பணத்துக்கு ஏற்ப மைல்ஸ் என்று மாறின. 2024-ல் ஏர் இந்தியாவும் அந்த வழிக்கு வந்தது. மலிவு டிக்கெட்டில் நீண்ட தூரம் பறப்பவருக்கு இது நஷ்டம். ஆபீஸ் செலவில் அதிக விலை டிக்கெட்டில் பறப்பவருக்கு லாபம்.

ஒரு பாயின்ட் எத்தனை பைசா?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு. போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

டிக்கெட்டின் ரொக்க விலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் கொடுத்து எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கூடுதல் கட்டணத்தை அதிலிருந்து கழியுங்கள். மீதியைத் தேவைப்படும் பாயின்ட்களால் வகுங்கள். வருவதுதான் ஒரு பாயின்ட்டின் மதிப்பு.

ஓர் உதாரணக் கணக்கு. ரொக்கமாக வாங்கினால் டிக்கெட் 18,000 ரூபாய். பாயின்ட்டில் எடுத்தால் 12,000 பாயின்ட், கூடவே 4,500 ரூபாய் வரி. 18,000-லிருந்து 4,500 போனால் 13,500. அதை 12,000-ஆல் வகுத்தால், ஒரு பாயின்ட்டுக்குச் சுமார் 1 ரூபாய் 12 பைசா. நல்ல மதிப்பு.

இன்னொரு கணக்கு. ஆஃபரில் டிக்கெட் 5,500 ரூபாய்க்கே கிடைக்கிறது. பாயின்ட்டில் எடுத்தால் 8,000 பாயின்ட், 3,800 ரூபாய் வரி. மிச்சமாவது 1,700 ரூபாய்தான். ஒரு பாயின்ட் 21 பைசா. இந்த டிக்கெட்டை ரொக்கத்தில் வாங்கிவிட்டு, பாயின்ட்டை வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

'ஃப்ரீ டிக்கெட்' என்ற வார்த்தை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது இரண்டாவது கணக்கில் தெரியும். பெரும்பாலான நேரங்களில், கடைசி நேர டிக்கெட், பண்டிகைக் கால டிக்கெட், நீண்ட தூர பிசினஸ் கிளாஸ் போன்ற ரொக்க விலை எகிறும் இடங்களில்தான் பாயின்ட்டுக்கு நல்ல மதிப்பு கிடைக்கும். கிஃப்ட் வவுச்சர், வீட்டுச் சாமான் போன்றவற்றில் பொதுவாக மதிப்பு மிகவும் குறைவு. தீபாவளி, பொங்கல் சமயத்தில் பாயின்ட் சீட் கிடைப்பது கஷ்டம் என்பதும் உண்மை. அதனால் தேதியில் இரண்டு நாள் முன்னே பின்னே போகத் தயாராக இருப்பவருக்கே இந்த விளையாட்டு அதிகம் கைகொடுக்கும்.

கிரெடிட் கார்டு: வரமா, வலையா?

வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை பறக்கும் இளைஞர் ஒருவரிடம் மைல்ஸ் சேர்வது பெரும்பாலும் விமானத்தால் அல்ல, கார்டால். கார்டு பாயின்ட்ஸைப் பல விமான நிறுவனங்களின் திட்டங்களுக்கு மாற்றும் வசதியைச் சில வங்கிகள் தருகின்றன. இங்கேதான் பெரிய லாபமும் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இருக்கிறது.

முதல் ஆபத்து, வட்டி. 50,000 ரூபாய்க்குக் கார்டில் செலவு செய்கிறீர்கள். 100 ரூபாய்க்கு 2 பாயின்ட் என்றால் 1,000 பாயின்ட். ஒரு பாயின்ட் ஒரு ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 1,000 ரூபாய் லாபம். அந்த மாதம் பில்லை முழுசா கட்டாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டால்? மாதம் 3.5 சதவிகித வட்டி என்றால் 1,750 ரூபாய். வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி 315 ரூபாய். மொத்தம் 2,065 ரூபாய். பாயின்ட்டில் வந்ததைப்போல இரண்டு மடங்கு, ஒரே மாதத்தில் போய்விட்டது. பில்லை ஒவ்வொரு மாதமும் முழுசா கட்ட முடியாதவருக்கு மைல்ஸ் கார்டு சரிப்படாது. அவர் முதலில் அடைக்க வேண்டியது கடனைத்தான்.

இரண்டாவது ஆபத்து, விதி மாறுவது. ஆக்சிஸ் வங்கியின் 'மேக்னஸ்' கார்டு ஒரு காலத்தில் பாயின்ட் பிரியர்களின் செல்லப்பிள்ளை. மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 போனஸ் பாயின்ட் கிடைத்தது. 5 பாயின்ட்டை 4 மைல்ஸாக மாற்றலாம். 2023 செப்டம்பர் முதல் அந்த போனஸ் நிறுத்தப்பட்டது. மாற்று விகிதம் 5-க்கு 2 ஆனது. ஆண்டுக் கட்டணம் வரி நீங்கலாக 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. அதாவது, ஒரு லட்சம் பாயின்ட் வைத்திருந்தவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 80,000 மைல்ஸ், புதிய விகிதத்தில் 40,000. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஒரு பாயின்ட்கூடச் செலவழிக்கவில்லை. ஆனாலும் பாதி போய்விட்டது.

மூன்றாவது ஆபத்து, அவசரம். கார்டு பாயின்ட்டை ஒருமுறை விமான நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால், பொதுவாகத் திரும்ப வாங்க முடியாது. கார்டிலேயே இருந்தால் பல நிறுவனங்களில் எதற்கு வேண்டுமானாலும் மாற்றலாம்; மாற்றிய பிறகு ஒரே நிறுவனத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் வரிசை இதுதான்: முதலில் வேண்டிய தேதியில் பாயின்ட் சீட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு எந்த பார்ட்னர் வழியாக எடுத்தால் மலிவு என்று ஒப்பிட வேண்டும், கடைசியில்தான் மாற்ற வேண்டும். மாற்றம் கணக்கில் ஏறச் சில நாட்கள் ஆகலாம். அதற்குள் சீட் போய்விடும் ஆபத்தும் உண்டு. எவ்வளவு நாள் ஆகும் என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

'போனஸ் பாயின்ட் கிடைக்கும்' என்பதற்காகவே தேவையில்லாத பொருளை வாங்குவது நான்காவது ஆபத்து. அது கணக்குப் போடாமலேயே புரியும்.

நிறுவனமே மூடினால்?

இந்தியப் பயணிகள் இதைப் பலமுறை பார்த்துவிட்டார்கள். 2012-ல் கிங்ஃபிஷர், ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேரும் வாசல் வரை வந்தது. நிதிச் சிக்கலால் அது நடக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் விமானங்கள் நின்றன. 'கிங் க்ளப்' பாயின்ட் வைத்திருந்தவர்களுக்குப் பறக்க விமானமே இல்லாமல் போனது.

2019 ஏப்ரல் 17-ம் தேதி ஜெட் ஏர்வேஸ் நின்றபோது கதை கொஞ்சம் மாறியது. 'ஜெட்பிரிவிலேஜ்' திட்டத்தை நடத்தியது தனி நிறுவனம். அதில் பெரும்பான்மைப் பங்கு எதிஹாட்டிடம் இருந்தது. அதனால் விமானம் நின்றும் திட்டம் நிற்கவில்லை. அதே வருஷம் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறித் தொடர்ந்தது. பாயின்ட் பிழைத்தது, ஆனால் எதற்காகச் சேர்த்தார்களோ அந்த ஜெட் டிக்கெட் இல்லை.

கூட்டணியும் நிரந்தரம் அல்ல. ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய ஐந்தில் ஒன்றான எஸ்.ஏ.எஸ், 2024 செப்டம்பரில் ஸ்கைடீமுக்கு மாறிவிட்டது. 27 வருஷ உறவு. அரசியல் கூட்டணியே தோற்றுவிடும்.

இதையெல்லாம் அரசு கேள்வி கேட்கிறதா? அமெரிக்காவில் கேட்கத் தொடங்கினார்கள். 2024 செப்டம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை, டெல்டா, யுனைடெட், அமெரிக்கன், சவுத்வெஸ்ட் ஆகிய நான்கு நிறுவனங்களிடம் பாயின்ட் மதிப்புக் குறைப்பு, மறைமுகக் கட்டணம் ஆகியவை பற்றி விவரம் கேட்டது. அதே மாதம் அலாஸ்கா ஏர்லைன்ஸும் ஹவாயன் ஏர்லைன்ஸும் இணைய அனுமதி தந்தபோது, பயணிகளின் மைல்ஸ் மதிப்பைக் காக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தது.

இந்தியாவில் விமானம் தாமதமானால், ரத்தானால், ஏற மறுத்தால், ரீஃபண்ட் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு டி.ஜி.சி.ஏ விதிகள் இருக்கின்றன. பாயின்ட் விஷயத்தில் நடைமுறையில் பயணியின் கையில் இருப்பது அந்தந்தத் திட்டத்தின் விதிமுறைகள்தான். சேர வேண்டிய பாயின்ட் சேரவில்லை, விளம்பரத்தில் சொன்னது கிடைக்கவில்லை என்றால், முதலில் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். விமான நிறுவனம் மீதான புகார் என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளமும் இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட், மின்னஞ்சல், போர்டிங் பாஸ் மூன்றும் கையில் இருந்தால் புகாருக்கு பலம்.

சரி, என்னதான் செய்வது?

பாயின்ட்ஸ் வேண்டாம் என்று ஒதுங்கத் தேவையில்லை. எப்படியும் செய்யப்போகும் பயணத்துக்கும் செலவுக்கும் கிடைக்கும் பாயின்ட்டை வேண்டாம் என்று விடுவது நஷ்டம்தான். ஆனால், கீழே உள்ளவற்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

• ஒரு கூட்டணிக்கு ஒரு திட்டம் போதும். அதிகம் போகும் ஊரை வைத்துத் தேர்ந்தெடுங்கள்; விளம்பரத்தை வைத்து அல்ல.

• இலக்கு வைத்துச் சேருங்கள். 'எப்போதாவது உதவும்' என்று சேர்ப்பவை பெரும்பாலும் காலாவதியாகத்தான் போகும். 'அடுத்த வருஷம் அம்மா அப்பாவைச் சிங்கப்பூர் கூட்டிப்போக' என்றால் எவ்வளவு வேண்டும், எப்போது புக் செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரியும்.

• காலாவதி விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். க்ரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் மூன்று வருஷத்தில் காலாவதியாகும். யுனைடெட், டெல்டா மைல்ஸுக்குக் காலாவதி இல்லை. சில திட்டங்களில் கணக்கில் ஏதாவது நடவடிக்கை இருந்தாலே ஆயுள் நீளும். தேதியைப் போன் காலண்டரில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள்.

• சேர்ந்ததும் செலவழியுங்கள். இலக்குக்குத் தேவையான அளவு வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த மதிப்புக் குறைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

• தொடர்விமானம் இருந்தால் ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ரொக்க டிக்கெட், சென்னையிலிருந்து லண்டனுக்குப் பாயின்ட் டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படி எடுத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள்.

• பாஸ்வேர்டைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் கணக்கும் திருடு போகும். 'உங்கள் பாயின்ட்ஸ் இன்று காலாவதியாகிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்' என்று வரும் மெசேஜை நம்பாமல், நேராக அந்த நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து பாருங்கள். ஓ.டி.பி-யை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருக்கும் லாயல்ட்டி கணக்குகள், கார்டு பாயின்ட்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எங்கே, எத்தனை, எப்போது காலாவதி. அடுத்து போகப்போகும் ஒரு பயணத்தை எடுத்து, மேலே சொன்ன பைசா கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தால், புக் செய்ய யோசிக்கலாம். இருபது, முப்பது பைசா என்றால், ரொக்கம் கொடுத்துப் பறந்துவிட்டு, காலாவதி தேதிக்குள் இன்னொரு நல்ல வாய்ப்பு வருகிறதா என்று பாருங்கள்.